ஒன்றுக்கு ஒன்று இருந்த வெள்ளி மூன்றரை ஆனது எப்படி? (சிங்கப்பூர் டாலர் – ரிங்கிட்)

#1 · பாலம்தாண்டி · ஜொகூர் பாரு

வணக்கம். பன்னிரண்டு வருஷமாக மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டி சிங்கப்பூர் உட்லண்ட்ஸ் பக்கம் வேலைக்குப் போய்வருகிற ஆள் நான். விடியற்காலை நாலரைக்கு வீட்டை விட்டால்தான் ஏழு மணி ஷிஃப்டைப் பிடிக்க முடியும். சம்பளம் சிங்கப்பூர் வெள்ளியில் (டாலரில்), செலவெல்லாம் மலேசிய ரிங்கிட்டில். அதனால் மணி சேஞ்சர் கடைப் பலகையில் இருக்கும் சிவப்பு எண்தான் எனக்குத் தினப்பலன்.

போன வாரம் அப்பா ஒரு விஷயம் சொன்னார். "நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ரெண்டு ஊர் வெள்ளியும் ஒரே வெள்ளிதான். எந்தப் பக்கத்து நோட்டை எந்தப் பக்கம் நீட்டினாலும் வாங்கிக்கொள்வான்" என்றார். எனக்கு நம்ப முடியவில்லை. 2024 பிப்ரவரியில் ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு மூன்றரை ரிங்கிட்டுக்கு மேல் நானே எண்ணி வாங்கியிருக்கிறேன்.

எனக்குத் தெரிந்த கதை இவ்வளவுதான்: சிங்கப்பூர் பிரிந்தது, அவர்களே தனி நாணயம் போட்டுக்கொண்டு விலகினார்கள், அப்புறம் 1997 நெருக்கடியில் நம் காசு விழுந்தது. சரிதானா? பெரியவர்கள் யாராவது சொல்லுங்கள்.

#2 · கணக்குப்பிள்ளை · கோலாலம்பூர்

தம்பி, உங்கள் அப்பா சொன்னது சரி. நீங்கள் சொன்ன கதையில்தான் ரெண்டு ஓட்டை. நான் வங்கியில் குப்பை கொட்டி ஓய்வு பெற்றவன், கொஞ்சம் நீளமாகத்தான் எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நாம் ஏன் "வெள்ளி" என்கிறோம்? உண்மையிலேயே வெள்ளிக் காசாக இருந்ததால்தான். மெக்சிகோ வெள்ளி டாலர் இந்தத் துறைமுகங்களிலெல்லாம் புழங்கியது. 1903இல் நீரிணைக் குடியேற்றங்களுக்கென்று (சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா) தனியாக ஒரு வெள்ளி டாலர் அடித்தார்கள். வெள்ளி விலை ஏறி இறங்க, அதன் மதிப்பும் கூடவே ஆடியது. 1906இல் அதைப் பவுண்டோடு கட்டிப்போட்டார்கள்: ஒரு வெள்ளிக்கு 2 ஷில்லிங் 4 பென்ஸ். அதாவது 60 வெள்ளி கொடுத்தால் 7 பவுண்டு. இந்தக் கணக்கு அறுபது வருஷத்துக்கு மேல் அசையவில்லை. உலகப்போர் வந்தது, ஜப்பான்காரன் வந்து வாழைமர நோட்டு அடித்துவிட்டுப் போனான், பிரிட்டிஷ்காரன் திரும்பி வந்து அதே 2 ஷில்லிங் 4 பென்ஸில் கடையைத் திறந்தான்.

பெயர்தான் மாறிக்கொண்டே வந்தது. 1939இலிருந்து மலாயா டாலர். 1953இல் சரவாக், புருணை, வட போர்னியோவும் சேர்ந்து மலாயா–பிரிட்டிஷ் போர்னியோ டாலர். ஒரு நாணய வாரியம் எல்லோருக்கும் பொதுவாக நோட்டு அடித்தது. அதற்கு ஈடான பணம் ஸ்டெர்லிங்காக லண்டனில் இருந்தது. 1957இல் மலாயா சுதந்திரம் பெற்றபோதும் அதே நோட்டுதான். 1959இல் நம் மத்திய வங்கியான பேங்க் நெகாரா வந்தபோதும் அதே நோட்டுதான். 1965 ஆகஸ்டில் சிங்கப்பூர் பிரிந்தபோதுகூட அதே நோட்டுதான்!

நாடு பிரிந்த பிறகும் நாணயத்தைச் சேர்த்தே வைத்துக்கொள்ளலாமா என்று ஒரு வருஷம் பேசிப் பார்த்தார்கள். சிங்கப்பூரின் கையிருப்பு யார் பொறுப்பில், யார் பெயரில் இருக்கும் என்கிற இடத்தில் பேச்சு முறிந்தது. 1966 ஆகஸ்டில் தனித்தனி நாணயம் என்று அறிவித்தார்கள். 1967 ஜூன் 12ஆம் தேதி மலேசியா, சிங்கப்பூர், புருணை மூன்றும் ஒரே நாளில் புது நோட்டு வெளியிட்டன. ஆகவே "அவர்கள் மட்டும் தனியாகப் போட்டுக்கொண்டார்கள்" என்பது தப்பு. மூன்றுக்கும் ஒரே தங்க மதிப்பு. ஒரு நாட்டு நோட்டை இன்னொரு நாட்டில் கழிவு, கட்டணம் எதுவும் இல்லாமல் ஒன்றுக்கு ஒன்று மாற்றலாம் என்று ஒப்பந்தமும் இருந்தது. அப்பா சொன்னது அந்தக் காலத்தை.

#3 · பினாங்கு மைந்தன் · பட்டர்வொர்த்

1967 என்றதும் எங்கள் பாட்டி ஞாபகம் வந்துவிட்டது. பாட்டி ஜார்ஜ் டவுனில் காலையில் அப்பம் சுட்டு விற்றவர். வங்கி வாசல் மிதித்ததே இல்லை. சேமிப்பெல்லாம் ஒரு பிஸ்கட் டின்னில். ஜூன் மாதம் புது நோட்டு வந்ததும் பெரியப்பா, "பழசை மாற்றிவிடு அம்மா" என்று சொல்லிக்கொண்டே இருந்தாராம். பாட்டி கேட்கவில்லை. பழைய பத்து வெள்ளி நோட்டில் எருமை பூட்டி உழுகிற படம் இருக்கும். "இது நம்ம நோட்டுடா, இதுக்கு என்ன கேடு" என்பாராம்.

நவம்பரில் இங்கிலாந்து பவுண்டின் மதிப்பைக் குறைத்தது. மறுவாரம் அந்த எருமை நோட்டு ஒவ்வொரு வெள்ளிக்கும் 85 காசு என்று ஆகிப்போனது. டின்னில் இருந்தது அறுநூறு வெள்ளி. கைக்கு வந்தது ஐந்நூற்றுப் பத்து. தொண்ணூறு வெள்ளிக்கு எத்தனை அப்பம் சுட வேண்டும் என்று பாட்டி சாகிற வரைக்கும் கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

பினாங்கில் அதற்காகத்தான் ஹர்த்தால் நடந்தது, 1967 நவம்பர் 24. தொழிலாளர் கட்சி அழைத்த கடையடைப்பு, கடைசியில் இனக்கலவரமாகி ஊரடங்கு வரை போனது. எங்கள் வீட்டில் அதைப் பற்றிப் பேசினால் பெரியவர்கள் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள்.

#4 · நோட்டுப்பெட்டி · சிங்கப்பூர்

#3க்கு ஒரு சின்ன விளக்கம். பழைய நோட்டு மட்டும் ஏன் அடி வாங்கியது என்று பலருக்கும் குழப்பம். பழைய வாரியத்தின் நோட்டு பவுண்டோடு கட்டப்பட்டது. புது நோட்டின் மதிப்பு தங்கத்தில் சொல்லப்பட்டது. பவுண்டு 2.80 அமெரிக்க டாலரிலிருந்து 2.40க்கு இறங்கியபோது, பழைய நோட்டு பவுண்டின் கையைப் பிடித்துக்கொண்டு கூடவே இறங்கியது. மலேசியாவும் சிங்கப்பூரும் புது நாணயத்தை இறக்குவதில்லை என்று முடிவெடுத்தன. கடையில் ஐந்து மாதம் ஒரே மதிப்பில் ஓடிய ரெண்டு நோட்டு, ஒரு வார இறுதியில் 100 காசு, 85 காசு என்று ஆனது இப்படித்தான்.

அப்புறம் காசு சேர்ப்பவர்களுக்கு ஒரு கொசுறு. 1967இல் ரெண்டு நாடும் அடித்த முதல் வரிசைச் சில்லறையை எடுத்துப் பாருங்கள். மலேசியாவின் 10 சென்னும் சிங்கப்பூரின் 10 காசும் ஒரே அளவு, ஒரே எடை. கண்ணை மூடிக்கொண்டு தடவினால் வித்தியாசம் தெரியாது. ஒப்பந்தம் முறிந்து பல வருஷம் கழித்தும் மீன் கடைக்காரர் மீதி கொடுக்கும்போது நாலு மலேசியக் காசு கலந்துதான் வரும். 1985இல் சிங்கப்பூர் சின்ன அளவில் புது வரிசையை இறக்கிய பிறகுதான் அந்தக் கலப்பு தானாகக் குறைந்தது.

#5 · பாலம்தாண்டி · ஜொகூர் பாரு

பாட்டி கதை மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது, அண்ணே.

சரி, ஒப்பந்தத்தை முறித்தது யார்? கணக்குப்பிள்ளை ஐயா ரெண்டு ஓட்டை என்றார், ஒன்றைத்தான் அடைத்திருக்கிறார்.

#6 · கணக்குப்பிள்ளை · கோலாலம்பூர்

முறித்தது நாம்தான். 1973 மே 8ஆம் தேதி ஒப்பந்தத்தை முடித்துக்கொள்வதாக மலேசியா அறிவித்தது. அன்றைக்கு உலகமே கொந்தளிப்பில் இருந்தது. 1971இல் அமெரிக்கா டாலருக்குத் தங்கம் தருவதை நிறுத்தியது, 1972இல் பவுண்டு மிதக்க ஆரம்பித்தது, 1973 பிப்ரவரியில் டாலர் இன்னொரு முறை இறங்கியது. நம் நாணயத்தை நம் தேவைக்கு நாமே நடத்த வேண்டுமானால் பக்கத்து நாட்டோடு கால் கட்டிக்கொண்டு ஓட முடியாது என்று கோலாலம்பூர் நினைத்தது. அதோடு சேர்த்து, ஒன்றாக இருந்த மலேசியா–சிங்கப்பூர் பங்குச் சந்தையும் ரெண்டாகப் பிரிந்தது. ஜூனில் ரெண்டு நாணயமும் மிதக்க ஆரம்பித்தன. 1975இல் நம்முடையதற்கு "ரிங்கிட்" என்பது அதிகாரபூர்வப் பெயராயிற்று.

இப்போது ரெண்டாவது ஓட்டை. எல்லோரும் 1997ஐக் கைகாட்டுகிறார்கள். நான் வங்கியில் இருந்தபோது ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்த கணக்கு இது. ஒரு ரிங்கிட் கொடுத்தால் எத்தனை சிங்கப்பூர் காசு கிடைக்கும்? 1973இல் 100. 1980இல் ஏறக்குறைய 98, அதாவது ஏழு வருஷம் ஒன்றுமே நடக்கவில்லை. 1985இல் 89. 1990இல் 67. 1995இல் 56. 2000இல் 45. 2010இல் 42. 2020இல் 33. 2024 பிப்ரவரியில் 28.

நன்றாகப் பாருங்கள். நெருக்கடி வருவதற்கு ரெண்டு வருஷம் முன்பே 44 காசு போய்விட்டது. 1997–98 புயலில் போனது பத்துப் பன்னிரண்டு காசு. புயலைத்தான் எல்லோரும் நினைவு வைத்திருக்கிறார்கள். ஓட்டைப் பானை சொட்டுச் சொட்டாக ஒழுகியதை யாரும் பார்க்கவில்லை. அதிலும் 1985இலிருந்து 1990 வரைக்கும் பாருங்கள், ஐந்தே வருஷத்தில் 22 காசு. அப்போது நான் கவுண்ட்டரில்தான் உட்கார்ந்திருந்தேன். எந்த நாளிலும் யாரும் பதறிக்கொண்டு ஓடி வந்ததில்லை.

#7 · தெம்பனிஸ்83 · சிங்கப்பூர்

காசுக் கணக்கில் சொன்னால் அப்படித்தான் தெரியும், ஐயா. 100இலிருந்து 56 ஆவதும் 56இலிருந்து 31 ஆவதும் விகிதத்தில் ஏறக்குறைய ஒன்றுதான். விகிதமாகப் போட்டால் இதுவரைக்குமான சரிவில் சுமார் பாதி 1995க்கு முன், பாதி பின். உங்கள் வாதம் தப்பில்லை, எண் கொஞ்சம் பெரிதாகக் காட்டுகிறது.

ஆனால் நீங்கள் "ஏன்" என்று சொல்லவில்லை. 1981இல் கோ கெங் சுவீ நாணய ஆணையத்தின் தலைவராக இருந்தபோது சிங்கப்பூர் ஒரு முடிவெடுத்தது. மற்ற நாடுகள் வட்டி விகிதத்தைத் திருகி விலைவாசியை அடக்கும். சிங்கப்பூருக்கு அரிசி, கோழி, எண்ணெய் எல்லாமே வெளியிலிருந்துதான். வட்டியைத் திருகி என்ன பயன்? நாணயத்தின் மதிப்பையே திருகுவோம் என்று முடிவு செய்தார்கள். வியாபாரம் செய்யும் நாடுகளின் நாணயங்களை ஒரு கூடையில் போட்டு, அதற்கு எதிரே சிங்கப்பூர் டாலர் ஒரு பட்டைக்குள் மெல்ல ஏறும்படி விடுவார்கள். பட்டை எவ்வளவு அகலம், எவ்வளவு சரிவாக ஏறும் என்பதுதான் அவர்கள் கையில் இருக்கும் திருகு. விலைவாசி எகிறினால் ஏற்றத்தைக் கூட்டுவார்கள். 2021 அக்டோபரிலிருந்து 2022 அக்டோபர் வரை ஐந்து முறை இறுக்கினார்கள். 2024இல் ரிங்கிட் தரையைத் தொட்டதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஆக ரிங்கிட் கீழே போனது பாதிக் கதை. சிங்கப்பூர் டாலர் வேண்டுமென்றே படியேறியது மீதிப் பாதி.

#8 · ஈசூன் அக்கா · சிங்கப்பூர்

நீங்கள் எல்லோரும் பட்டை, கூடை என்று பேசுகிறீர்கள். நான் ரயில் டிக்கெட் பற்றிச் சொல்கிறேன்.

தஞ்சோங் பகார் ஸ்டேஷன் ஞாபகம் இருக்கிறதா? 2011 ஜூன் கடைசியோடு மூடினார்களே, அதுதான். அங்கே கோலாலம்பூருக்கு டிக்கெட் வாங்கினால் கட்டணம் சிங்கப்பூர் வெள்ளி. ஜொகூர் பாருவில் ஏறினால் அதே எண், ஆனால் ரிங்கிட்! இங்கே 34 என்றால் அங்கேயும் 34. ஒன்றுக்கு ஒன்று இருந்த காலத்துக் கணக்கை மலாயா ரயில்வே அப்படியே வைத்திருந்தது.

என் வீட்டுக்காரருக்கு இது தெரிந்த நாளிலிருந்து நாங்கள் சிங்கப்பூரில் ரயில் ஏறியதே கிடையாது. தீபாவளிக்கு ஈப்போ போக வேண்டும் என்றால், ரெண்டு பிள்ளைகள், முறுக்கு டின், பட்டுப்புடவைப் பை எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு பேருந்தில் உட்லண்ட்ஸ், சோதனைச்சாவடி வரிசை, மறுபடி பேருந்து, அப்புறம் ஜொகூர் ஸ்டேஷன். மிச்சம் பிடித்ததைப் பிள்ளைகளுக்கு ஐஸ் கச்சாங் வாங்கிக் கொடுத்தே செலவழித்துவிடுவார். "இது காசுக்காக இல்லை, நியாயத்துக்காக" என்பார். என்ன நியாயமோ!

இன்றைக்கும் அந்தக் கதை முடியவில்லை. 2015இல் உட்லண்ட்ஸுக்கும் ஜொகூர் பாருவுக்கும் தெப்ராவ் ரயில் விட்டார்களே, அந்தப் பக்கமிருந்து இங்கே வர 5 ரிங்கிட். இங்கிருந்து அங்கே போக 5 வெள்ளி. ஐந்தே நிமிஷப் பயணம்.

#9 · பாலம்தாண்டி · ஜொகூர் பாரு

அக்கா, அந்த ரயிலில் எத்தனையோ தடவை போயிருக்கிறேன். ஏதோ வெளிநாட்டுக்காரனிடம் கறக்கிறார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். பழைய கணக்கு என்று தோன்றவே இல்லை.

#10 · ஈப்போ வெள்ளைக்காப்பி · ஈப்போ

இழை போகிற போக்கில் மலேசியா ஏதோ தோற்றுப்போன மாதிரி ஒரு வாடை அடிக்கிறது. நாணயத்தின் விலை என்ன பரீட்சை மார்க்கா?

1985இல் என்ன நடந்தது என்று யாரும் எழுதவில்லை. அந்த வருஷம் அக்டோபரில், ஈய விலையைத் தாங்கிப் பிடித்துவந்த பன்னாட்டு ஈயக் கழகம் கையில் காசில்லாமல் கவிழ்ந்தது. ஈய விலை பாதாளத்துக்குப் போனது. கிந்தா பள்ளத்தாக்கில் சுரங்கத்துக்குச் சுரங்கம் மூடியதை நேரில் பார்த்தவன் நான். என் மாமா வேலை பார்த்த ஈயக்கப்பல் (ஈயம் தோண்டும் மிதவை இயந்திரம்) குட்டையிலேயே துருப்பிடித்து நின்றது. செம்பனை எண்ணெய் விலையும் இறங்கியது. அந்த நிலைமையில் ரிங்கிட்டைத் தூக்கிப் பிடித்திருந்தால் தொழிற்சாலை எதுவும் வந்திருக்காது. ரிங்கிட்டை இறங்க விட்டார்கள். ஜப்பான் நாணயம் ஏறிய நேரம் அது, ஜப்பான்காரர்கள் மலிவான இடம் தேடி இங்கே வந்து தொழிற்சாலை போட்டார்கள். ஈயத்தில் வேலை போன எங்கள் தெருப் பையன்கள் பினாங்குக்கும் ஷா ஆலமுக்கும் போய் மின்னணுத் தொழிற்சாலையில் சேர்ந்தார்கள். 22 காசு போனது என்கிறார் கணக்குப்பிள்ளை. அந்த 22 காசில்தான் எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது.

தவிர, ஈப்போவில் ஒரு தே தாரே (நுரைக்க ஆற்றிய தேநீர்) ரெண்டு ரிங்கிட் சில்லறை. சிங்கப்பூரில் ஒன்றரை வெள்ளி, அதாவது இங்கே ரெண்டு குவளை. எங்கே இருப்பவன் பணக்காரன் என்று அதை வைத்தும் பார்க்கலாம்.

#11 · தெம்பனிஸ்83 · சிங்கப்பூர்

1980களைப் பொறுத்தவரை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 2014–15? எண்ணெய் விலை இறங்கியது, சரி. அதே நேரத்தில் 1எம்டிபி என்ற மலேசிய அரசு முதலீட்டு நிதியின் ஊழல் விவகாரம் வெடித்து ஆட்சியாளர்கள் மேலேயே நம்பிக்கை போயிற்று. 2015இல்தான் முதல் முறையாக ஒரு வெள்ளிக்கு மூன்று ரிங்கிட் என்ற கோட்டைத் தாண்டியது. அதனால் எந்த வீட்டில் அடுப்பு எரிந்தது?

தே தாரே மலிவுதான். ஐபோன்?

#12 · ஈப்போ வெள்ளைக்காப்பி · ஈப்போ

ஐபோனைக் குடிக்க முடியாது.

(2015 பற்றிச் சொன்னதில் எனக்கு மறுப்பில்லை.)

#13 · கணக்குப்பிள்ளை · கோலாலம்பூர்

இருவரும் கொஞ்சம் மூச்சு வாங்குங்கள். தெம்பனிஸ் தம்பி விகிதக் கணக்கில் சொன்னது சரி, ஏற்றுக்கொள்கிறேன்.

1998ஐப் பற்றி எழுதாமல் விட்டால் குறையாகிவிடும். அப்போது ஜொகூர் பாருவில் ஒரு வங்கிக் கிளையில் இருந்தேன். 1997 நடுவில் ஒரு அமெரிக்க டாலருக்கு 2.50 ரிங்கிட். 1998 ஜனவரியில் 4.88 வரை போய்வந்தது. ஒரு சிங்கப்பூர் வெள்ளி 1.75 ரிங்கிட் சுற்றி இருந்தது, இரண்டரையைத் தாண்டியது. சிங்கப்பூர் வங்கிகள் ரிங்கிட் வைப்புத்தொகைக்கு இங்கே கிடைப்பதைவிட அதிக வட்டி கொடுத்தன. பணம் பாலத்தைத் தாண்டி அந்தப் பக்கம் போய்க்கொண்டே இருந்தது.

செப்டம்பர் 1ஆம் தேதி பேங்க் நெகாரா கதவை அடைத்தது. மறுநாள் ஒரு அமெரிக்க டாலருக்கு 3.80 ரிங்கிட் என்று ஆணி அடித்தார்கள். நாட்டுக்கு வெளியே இருக்கும் ரிங்கிட் எல்லாம் ஒரு மாதத்துக்குள் திரும்பி வர வேண்டும், அதற்குப் பிறகு வெளியே அதற்கு மதிப்பில்லை. பயணிகள் ஆளுக்கு ஆயிரம் ரிங்கிட்தான் கொண்டுவரலாம், கொண்டுபோகலாம். அந்த செப்டம்பர் கடைசி வாரம் எங்கள் கிளை வாசலில் நின்ற வரிசை இன்னும் கண்ணில் நிற்கிறது. சிங்கப்பூரில் பெட்டிக்கடை வைத்திருந்த ஒரு பெரியவர், மஞ்சள் பையில் ரப்பர் பேண்ட் போட்ட கட்டுகளாகக் கொண்டுவந்தார். நோட்டுகளில் ஜாதிக்காய் வாசனை. எண்ணி முடிக்க அரை மணி நேரம் ஆனது. "இனிமேல் இந்தப் பக்கத்துக் காசை நான் அங்கே வாங்கவே மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். 1973இல் காகிதத்தில் முடிந்தது, கல்லாப்பெட்டியில் முடிந்தது அன்றைக்குத்தான்.

சிங்கப்பூரில் க்ளாப் சந்தையில் மலேசியப் பங்கு வாங்கி வைத்திருந்தவர்கள் பாடு இன்னும் மோசம். பங்கு அப்படியே முடங்கியது. 2000இல்தான் ஒரு வழி பிறந்தது. 1999 ஜூலையில் 500, 1000 ரிங்கிட் நோட்டுகளையும் செல்லாது என்றார்கள்.

ஒன்றை மட்டும் மறக்காமல் சொல்ல வேண்டும். ஆணி அடித்திருந்த காலத்தில் ரிங்கிட் சிங்கப்பூருக்கு எதிரே கொஞ்சம் மேலேகூட வந்தது. 2001 இறுதியில் சிங்கப்பூர் டாலர் பலவீனப்பட்டபோது ஒரு வெள்ளிக்கு 2.05 ரிங்கிட்தான். 2005 ஜூலை 21இல் சீனா தன் ஆணியைப் பிடுங்கிய அதே நாளில் நாமும் பிடுங்கினோம். அப்போது 2.25 சுற்றி.

#14 · காரைக்குடி வடக்கு · காரைக்குடி

பார்வையாளராகவே இருந்தேன், ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகிறேன். எங்கள் வீட்டுப் பரணில் கொள்ளுத்தாத்தாவின் பழைய பேரேடு இருக்கிறது. சிங்கப்பூர் மார்க்கெட் தெருக் கிட்டங்கியில் இருந்தவர். அதில் வெள்ளிக் கணக்கு ஒரு பக்கம், ரூபாய்க் கணக்கு ஒரு பக்கம். ரெண்டும் பவுண்டோடு கட்டியிருந்ததால் மாற்று விகிதம் வருஷக்கணக்கில் ஒன்றேதான். முதல் உலகப்போர்க் காலம் வரை ரூபாய் 1 ஷில்லிங் 4 பென்ஸ். அப்படியானால் ஒரு வெள்ளிக்கு ஒன்றே முக்கால் ரூபாய். 1927இல் ரூபாயை 1 ஷில்லிங் 6 பென்ஸ் ஆக்கியபோது ஒன்றரை ரூபாய்க்குச் சற்று மேல். 1966 ஜூனில் ரூபாய் மதிப்பைக் குறைத்ததும் வெள்ளி ஒரேயடியாக இரண்டரை ரூபாய்க்குப் பக்கத்தில் போய்விட்டது.

இன்றைக்குச் சிங்கப்பூர் வெள்ளி அறுபது ரூபாய்க்கு மேல். நீங்கள் ரிங்கிட் இளைத்துவிட்டது என்கிறீர்கள். எங்கள் கண்ணுக்கு அது பயில்வான்.

#15 · நோட்டுப்பெட்டி · சிங்கப்பூர்

ரயில் டிக்கெட் மாதிரி இன்னொரு பழைய கணக்கும் உயிரோடு இருக்கிறது. 1962 தண்ணீர் ஒப்பந்தம். ஜொகூர் ஆற்றிலிருந்து எடுக்கும் தண்ணீருக்கு ஆயிரம் கேலனுக்கு 3 சென். கையெழுத்திட்டபோது ரெண்டு பக்கமும் ஒரே நாணயம். இப்போது அந்த 3 சென் என்பது சிங்கப்பூர் காசில் ஏறக்குறைய ஒன்று. சுத்திகரித்துத் திரும்ப ஜொகூருக்கு விற்கும் தண்ணீருக்கு 50 சென், அதுவும் ரிங்கிட்தான். 2061 வரை ஒப்பந்தம். விலையை மாற்ற வேண்டுமா கூடாதா என்ற சண்டையை இங்கே இழுக்க வேண்டாம், அதற்குத் தனி இழை போடுங்கள்.

#16 · பாலம்தாண்டி · ஜொகூர் பாரு

எல்லோருக்கும் நன்றி. அப்பாவுக்கு முழு இழையையும் வாசித்துக் காட்டினேன். எருமை நோட்டு என்றதும் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

என் பக்கத்துக் கணக்கையும் வைத்துவிடுகிறேன். ரேட் ஏறினால் ஜொகூர்க்காரன் சிரிப்பான், இறங்கினால் அழுவான் என்று ஒரு பேச்சு உண்டு. உண்மைதான். வீட்டுக்கு என்று மாதம் 2000 வெள்ளி மாற்றுவேன். 2024 பிப்ரவரியில் 7100 ரிங்கிட்டுக்குக் கொஞ்சம் குறைய வந்தது. செப்டம்பர் கடைசியில் ரிங்கிட் திடீரென்று பலமாகி, அதே 2000 வெள்ளிக்கு 6400 சுற்றி. எழுநூறு ரிங்கிட் காணோம். மோட்டார் சைக்கிள் தவணையும் பையன் டியூஷனும் அதில்தான் ஓடிக்கொண்டிருந்தன. "நாட்டுக்கு நல்லது" என்று செய்தியில் சொன்னார்கள். என் பெண்டாட்டி டிவியை அணைத்துவிட்டாள்.

அடுத்த தெருவில் ஒரு நண்பர், சிங்கப்பூரிலிருந்து வார இறுதியில் வரும் கூட்டத்தை நம்பி கார் கழுவும் கடை வைத்திருக்கிறார். மூன்றரை இருந்தபோது சனிக்கிழமை மூச்சுவிட நேரமில்லை. ஆனால் அவர் வாங்கும் ஷாம்பு, மெழுகு எல்லாம் வெளிநாட்டுச் சரக்கு, அதன் விலையும் கூடவே ஏறியது. கையில் நின்றது என்ன என்று கேட்டால் சரியாகச் சொல்ல மாட்டேன் என்கிறார்.

#17 · ஈசூன் அக்கா · சிங்கப்பூர்

தம்பி, ஒன்று கேட்க வேண்டும் என்று இருந்தேன். நேற்று இங்கே உணவங்காடியில் மீதி வாங்கியபோது ஒரு ஐந்து வெள்ளி நோட்டில் வேறு ராஜா படம். ஏமாற்றிவிட்டார்களோ என்று பார்த்தால் புருணை நோட்டு. செல்லுமா?

#18 · நோட்டுப்பெட்டி · சிங்கப்பூர்

செல்லும், அக்கா. அதே 1967 ஒப்பந்தம். மூன்று பேர் போட்டதில் 1973இல் ஒருவர் போய்விட்டார், மிச்ச ரெண்டு பேரும் இன்னும் ஒன்றுக்கு ஒன்றுதான். கடையில் வாங்கவில்லை என்றால் வங்கியில் கொடுங்கள், முழு ஐந்து வெள்ளி கிடைக்கும். புது நோட்டாக இருந்தால் சொல்லுங்கள், நான் ஐந்தரைக்கு எடுத்துக்கொள்கிறேன்.

#19 · ஈசூன் அக்கா · சிங்கப்பூர்

வீட்டுக்காரர் ஆறு கேட்கிறார்.